இரண்டு டாலர் சாமி

எங்கள் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு மேலே ஐந்து படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முருகன், அவருக்கு அடுத்து எங்கள் குலதெய்வம், மகாலட்சுமி, காலமாகிவிட்ட தாத்தா, ஐந்தாவதாக ஓர் அமெரிக்கர். அந்த ஐந்தாவதைப் படம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது சட்டம் போட்டு மாட்டிய இரண்டு டாலர் நோட்டு. தினமும் கடை திறந்ததும் மற்ற நால்வருக்கும் நடப்பதெல்லாம் அவருக்கும் நடக்கும். கண்ணாடியின் மேல் நெற்றிப் பக்கமாகப் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சார்த்தி, ஊதுபத்தி காட்டுவார் பெரியப்பா. நெற்றிக்குச் சரியாக வைக்க இடம் போதாது. பாதி நாள் குங்குமம் அந்த மனிதரின் மூக்கில்தான் இருக்கும்.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். முதல் லீவுக்கு வந்தபோது அவன் கொண்டுவந்த நோட்டு அது. அங்கே அது அதிகம் புழங்காது, சிலர் ராசியானது என்று பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று அவன் சொன்னதில் ராசி என்ற சொல் மட்டும்தான் பெரியப்பாவின் காதில் விழுந்தது. அதில் இருப்பவர் யார் என்று பிறகுதான் கேட்டார். அவர்தான் அமெரிக்காவுக்குச் சுதந்திரப் பிரகடனம் எழுதியவர், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அதில் எழுதிவைத்தவர் என்று அண்ணன் சொன்னான். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உண்மையாகவே அப்படிப்பட்டவர். நல்ல வாசகம் ஒன்றைக் கேட்டால் அவருக்குக் கண் கலங்கும்.

அந்த அமெரிக்கரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிற்பாடு அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியாக இருந்தவர் என்றால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர் பெயரை அச்சடிக்கவும் கல்லில் செதுக்கவும் ஒரு நாடே இருக்கிறது. நான் எழுதாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இது வெறும் பிடிவாதம் என்றால் ஆமாம், பிடிவாதம்தான். எனக்கு அது பன்னிரண்டு வயதில் வந்தது. நம் நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாடிய வருடம் அது.

கடை தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. நான் சிறு குழந்தையாக இருந்தபோது கடை முழுக்க வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள். சேலை எடுக்க வருகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள், எடுத்துப் போடுகிறவர்களும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து அங்குள்ள பெரிய கடைகளைப் படம் பிடித்து அனுப்பிய பிறகு பெரியப்பா கடையை இடித்துக் கட்டினார். மெத்தை போய்க் கண்ணாடி கவுண்டர் வந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம், வாங்க வருகிறவர்களுக்கு வட்ட ஸ்டூல்கள் போட்டார்கள். அந்தப் பக்கம் ஒன்றும் போடவில்லை.

விற்பனைப் பெண்கள் காலை ஒன்பதரைக்கு வந்து நின்றால் இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பிட அரைமணி நேரம் உண்டு. கூட்டமே இல்லாத மத்தியான வேளையிலும் நிற்கத்தான் வேண்டும். ரேக்கில் முதுகு சாயக் கூடாது, கவுண்டரில் கை ஊன்றக் கூடாது. ஊன்றினால் சூப்பர்வைசர் மீட்டர் கோலால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. அவருக்கு மட்டும் படிக்கட்டடியில் ஒரு நாற்காலி இருந்தது.

பெரியப்பாவைக் கொடுமைக்காரர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கூறைப்புடவை அவர் கொடுப்பதுதான். ஆயுத பூஜையன்று எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். முதலாளி, தொழிலாளி என்ற பேதம் இங்கே இல்லை என்று சுவரில் பெயின்ட் அடித்து எழுதிவைத்திருந்தார். வாசலில் கைகூப்பி நின்று வருகிறவர்களை வரவேற்பதும் அவரேதான். நானும்தான் நிக்கேன் என்று அடிக்கடி சொல்வார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருப்பதை அவர் ஒருபோதும் நிற்பதிலிருந்து கழித்துக்கொண்டதில்லை.

பெண்களில் பெரும்பாலோர் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடைக்குப் பின்னால் ஒரு வீடு எடுத்து அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுடைய அப்பா, சித்தப்பா யாராவது பெரியப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஒருத்தி மட்டும் கோடம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். ஜாக்கெட் பிட் பிரிவில் இருந்தாள். சேலையைக் கொண்டுபோய் அவள் முன் போட்டால் வெளிச்சத்துக்கு எடுத்துப் போகாமலேயே, நூறு துணிக்கு நடுவிலிருந்து அதே நிறத்தை உருவிப் போடுவாள். அவளை எல்லோரும் மேட்சிங் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். ஆறு வருடமாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். அம்மாவும் பெரியம்மாவும் வீட்டில் பேசிக்கொள்வதைவிடக் கடையில் நடப்பது சுவாரசியமாக இருக்கும். ஒருநாள் மேட்சிங் அக்காவைக் காணோமே என்று கவுண்டரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தேன். கீழே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை மட்டும் பெட்டிக்குள் இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"கலர் தேடிக்கினு கீறேன் பாப்பா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "யார்ட்டயும் சொல்லாத."

பிறகுதான் கவனித்தேன். கடையிலிருந்த அத்தனை பெண்களும் முறைவைத்துக் கலர் தேடினார்கள். ஸ்டாக் எடுக்கிறேன் என்று குனிந்தவர்கள் நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் எழுந்தார்கள். ஒருத்தி கீழே போனால் பக்கத்து ஆள் அவள் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் யாராவது இருமுவார்கள். மேட்சிங் அக்காவின் கெண்டைக்கால் அன்று எனக்குத் தெரிந்தது. நரம்புகள் நீல நிறத்தில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கால்வரை தொங்கும் யூனிஃபார்ம் சேலையை எதற்காகக் கட்டச் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்று ஒரு சந்தேகம் வந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது பெரியப்பாவிடம் கேட்டேன். மேட்சிங் அக்காவுக்கு ஒரே ஒரு ஸ்டூல் போடலாமா என்றுதான் கேட்டேன். பெட்டிக்குள் கை விட்டுக்கொண்டு உட்காருவதைச் சொல்லவில்லை. பெரியப்பா கோபப்படவில்லை. வாசலில் வருகிறவர்கள் லட்சுமி, லட்சுமி வரும்போது உட்கார்ந்துகொண்டா இருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கடையில் மாட்டியிருக்கும் மகாலட்சுமி தாமரையில் உட்கார்ந்துதானே இருக்கிறாள் என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியப்பா சாப்பாட்டை முடித்துக் கை கழுவப் போகும்போது, இவள் நல்லாப் பேசுகிறாள், ஆகஸ்ட் பதினைந்துக்கு இவளைப் பேச வைத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வருடாவருடம் ஆகஸ்ட் பதினைந்தன்று கடை மொட்டைமாடியில் கொடியேற்றுவார்கள். அந்த வருடம் பொன்விழா என்பதால் வங்கி மேலாளரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவியும் வருவதாக இருந்தது. நான் பேச வேண்டிய தலைப்பு எங்கள் ஐந்தாவது சாமி. நம்மூர்த் தலைவர்களைப் பற்றி எல்லாக் கடையிலும் பேசுவார்கள், நாம் வித்தியாசமாகச் செய்வோம் என்றார் பெரியப்பா. குறிப்புகளையும் அவரே கொடுத்தார். முப்பத்துமூன்று வயதில் அவர் பிரகடனத்தை எழுதினார். அது ஏற்கப்பட்ட நாளிலிருந்து சரியாக ஐம்பதாவது வருடம், அதே நாளில், உயிரை விட்டார். இது எப்பேர்ப்பட்ட பொருத்தம் என்று பெரியப்பாவுக்கு மறுபடியும் கண் கலங்கியது.

நந்தனத்தில் இருந்த என் பள்ளி நூலகத்தில் தடித்தடியாகக் கலைக்களஞ்சியம் இருந்தது. மூன்று நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர் மலைமேல் தானே வரைபடம் போட்டுக் கட்டிய வீடு, ஆயிரக்கணக்கில் சேர்த்த புத்தகங்கள், அவர் தொடங்கிய பல்கலைக்கழகம் எல்லாம் வந்தன. அடுத்த பத்தியில் அடிமைகள் வந்தார்கள். வாழ்நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார். அடிமைமுறை தவறு என்று அவரே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு வைத்துக்கொண்டார். விடுதலை செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை. அவர் கண்ணை மூடியபின் மிச்சம் பேரைக் குடும்பம் குடும்பமாக ஏலத்தில் விற்றார்கள்.

வீட்டைப் பற்றிய பத்தியில் ஒரு விஷயம் இருந்தது. சாப்பாட்டு அறையில் சுழலும் கதவு ஒன்று வைத்திருந்தாராம். கதவின் ஒரு பக்கத்தில் தட்டுகள். அடிமைகள் வெளியில் நின்று பதார்த்தங்களை அடுக்கிக் கதவைத் திருப்பினால் உணவு மட்டும் உள்ளே வரும். கொண்டுவந்தவர் முகம் விருந்தாளிகளுக்குத் தெரியாது. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். என் உடம்பில் கோபம் என்று ஒன்று புகுந்ததை முதன்முதலாக அன்றுதான் உணர்ந்தேன். காது சுட்டது.

நூலக மிஸ்ஸிடம் காட்டினேன். பேச்சுக்கு அதெல்லாம் வேண்டாம், நல்லதை மட்டும் எடுத்துக்கொள், அந்தக் காலம் அப்படி என்றார். இன்றைக்கும் இந்த மனிதரைப் பற்றி யாராவது வாயெடுத்தால் இதே பதில்தான் வருகிறது. மறுவருடமே அவர் வம்சத்து ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, அவர் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியின் பிள்ளைகளுக்கு அவரே தகப்பனாக இருக்கலாம் என்று செய்தி வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். ஆமாம், அந்தக் காலம். அந்தக் காலத்தில் அவர் மட்டுமா இருந்தார்? கதவுக்கு வெளியே தட்டை வைத்துக்கொண்டு நின்றவர்களும் அதே காலத்தில்தான் இருந்தார்கள். அது தவறு என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? நான் இந்தக் கேள்வியை நாகரிகமான இடங்களில் கேட்டு நாகரிகமில்லாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இனியும் கேட்பேன்.

இரண்டு பேச்சு எழுதினேன். ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, கையெழுத்து நன்றாயிருக்கிறது என்றார். இன்னொன்றை யாரிடமும் காட்டவில்லை. அது என் பாவாடைக்குள் மடித்துச் செருகியிருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து காலை எட்டு மணிக்கு எல்லோரும் மாடியில் கூடினோம். ஆடித் தள்ளுபடியின் கடைசி நாட்கள். பத்து மணிக்குக் கடை திறந்தாக வேண்டும். முன்வரிசையில் எட்டு மடக்கு நாற்காலிகள். மேலாளர், அவர் மனைவி, பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, சூப்பர்வைசர், ஓரத்தில் நான். எங்களுக்குப் பின்னால் கடை ஆட்கள் அறுபது பேருக்கு மேல் வரிசையாக நின்றார்கள். கொடி ஏறியது, மேலாளர் பேசினார், கைதட்டினோம். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துபோய் மைக்குக்கு முன்னால் நின்று, பாவாடைக்குள்ளிருந்த தாளை எடுத்தேன்.

பாதிவரை எல்லாம் பெரியப்பா கொடுத்த குறிப்புகள்தான். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அடிமைகள் வந்ததும் தலை நின்றது. சுழலும் கதவு வந்தது. ஏலம் வந்தது. வங்கி மேலாளரின் மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். நான் கடைசி வரிகளைத் தாளைப் பார்க்காமல் சொன்னேன். எல்லோரும் சமம் என்று எழுதிய மாமனிதர் எழுதியதைச் செய்யவில்லை, எங்கள் பெரியப்பா செய்வார், இன்றுமுதல் நம் கடையில் நிற்கிற எல்லோரும் உட்காரலாம், எல்லோரும் உட்காருங்கள் என்றேன்.

யாரும் உட்காரவில்லை. மாடிச் சுவரில் இரண்டு காகங்கள் இருந்தன, அவைகூடப் பறக்கவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அறுபது பேரும் பெரியப்பாவின் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். இன்னொரு தடவை சொல்லலாமா என்று யோசித்தேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து மேட்சிங் அக்கா வெளியே வந்தாள். அவசரமே இல்லாமல் நடந்து, முன்வரிசை ஓரத்தில் காலியாக இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்த சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்துவிட்டு, மீட்டர் கோல் கையில் இல்லாததால் தன் முழங்காலையே தட்டிக்கொண்டார்.

தேசிய கீதம் பாடினார்கள். எல்லோரோடும் அவளும் எழுந்து, ஒழுங்காக நின்றாள். பாடி முடிந்ததும் மறுபடியும் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் இருந்ததால் பெரியப்பா சிரித்த முகமாகவே இருந்தார். தட்டில் பூந்தி வந்தது. அவளுக்கும் கொடுத்தார்கள், உட்கார்ந்தே சாப்பிட்டாள். எனக்கு உட்கார இடமில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. தள்ளுபடிக் கூட்டம் படிக்கட்டுவரை நெருக்கியது. மேட்சிங் அக்கா வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக் கவுண்டருக்கு உள்ளே போட்டு, அதில் உட்கார்ந்து துணி எடுத்துப் போட்டாள். வந்த பெண்கள் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது நிறம். சூப்பர்வைசர் வந்து கண்ணாடியைத் தட்டினார், அவள் நிமிரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு பெரியப்பாவை அழைத்து வந்தார். நான் சேலைக் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"எந்திரி தாயி" என்றார் பெரியப்பா. குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"உக்காந்துகினே குடுக்குறேன் அண்ணாச்சி. கைதானே வேலை செய்யுது."

"சின்னப்புள்ள ஏதோ வெளங்காமப் பேசிட்டு. நீ வெவரம் தெரிஞ்சவ. நாளைக்கு எல்லாவளும் உக்காருவாளுவ."

"உக்காரட்டும்."

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். எல்லாக் கவுண்டரிலும் கை நின்றுபோயிருந்தது. அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கைகூப்பி நின்றுகொண்டார். அவளுக்கு முன்னால் மாம்பழ மஞ்சள் சேலையோடு ஓர் அம்மாள் காத்திருந்தார். மேட்சிங் அக்கா அந்த மஞ்சளைத் தேடி எடுத்து, அளந்து, உட்கார்ந்தபடியே வெட்டி, மடித்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் இரண்டு மூன்று முறை நன்றி சொன்னார். அதன் பிறகுதான் எழுந்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். அந்த வாசல் ஊழியர்களுக்கு இல்லை.

வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். உன் வாயால் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விட்டது என்று அம்மா மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். போக்கியது யார் என்று நான் கேட்டேன். அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடும்வரை நான் உட்காரப்போவதில்லை என்று அறிவித்தேன். நில்லு, நல்லதுதான் என்று பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

நின்றுகொண்டே சாப்பிட்டேன். நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதினேன், ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்து. மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. வகுப்பில் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். யார் உன்னை நிற்க வைத்தது என்று மிஸ் கேட்டார், யாருமில்லை என்றேன். அதற்குத் தண்டனையாக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பின் வார் பதிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இருப்பது என் உடம்பு இல்லை என்று தோன்றியது. வீட்டில் ஒருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாகவே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. அழுதேன். அவமானத்தால் அழுதேன், வலியால் அழுதேன், உட்கார்ந்தது எவ்வளவு சுகமாக இருந்ததோ அதற்காகவும் அழுதேன்.

பேசியதற்காக வீட்டில் யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, நான் கேட்காமலேயே போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாடகம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார எனக்கு இடம் இருந்தது. அந்த அமெரிக்கரைத் திட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டிலையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து வரும்போது மேட்சிங் அக்காவைப் பார்த்தேன். பனகல் பார்க்கின் குட்டைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு கடையில் கேட்டுவிட்டு வருகிறாளாம். எல்லா இடத்திலும் நிற்கத்தான் சொல்கிறார்களாம். அவள் அம்மா வேறு வீட்டில் திட்டித் தீர்க்கிறாளாம். இதையெல்லாம் ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். நான் பையை இறக்கி வைத்தேன். ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என்னாலதானே அக்கா உங்களுக்கு வேலை போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னாலயா? நீ சொன்னதுக்கா உக்காந்தேன்னு நெனச்சிக்கினு கீற? ஆறு வருசமா எனக்கு உக்காரணும் பாப்பா. அன்னிக்கு சேர் காலியா இருந்துச்சு."

கை நிறையக் கடலையை என் பக்கம் நீட்டினாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவளே உரித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அந்தாளு வூட்ல வேலை செஞ்சாங்கன்னு சொன்னியே, அவுங்க. அவுங்கள்ல எத்தினி பேர் ஓடிப் போனாங்க?"

"புக்குல அது இல்லக்கா."

"அது இல்லாம இன்னா புக்கு?"

ஓடியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. ஓடிப்போன செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துத் தரச் சொல்லி, பிரகடனம் எழுதுவதற்குச் சில வருடங்கள் முன்னால், அந்த மனிதரே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். எழுதியவர் என்ன எழுதினார், எழுதியதை ஏன் செய்யவில்லை என்று நான் மூன்று நாள் கலைக்களஞ்சியத்தில் துருவிக்கொண்டிருந்தேன். அவருடைய அனுமதிக்குக் காத்திராமல் எழுந்து போனவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு முதலில் தோன்றியதே அதுதான்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. கோடம்பாக்கம் பஸ் வந்ததும் அவள் தோலைத் தட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள். எனக்கு நன்றி சொல்வாள், இல்லாவிட்டால் திட்டவாவது செய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் பக்கத்தில் போனேன். இரண்டும் நடக்காததில் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நான் அவ்வளவு பாடுபட்டுப் பேசிய பேச்சை அவள் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டி வீட்டுக்கு நடந்தேன்.